உப்பு மாறும் நீரில் ஓட்டுயிர்கள்: சுண்ணாம்பாற்றுக் கழிமுகத்தை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

புதுச்சேரிக்குத் தெற்கே நோணாங்குப்பத்தை ஒட்டிக் கடலோடு கலக்கும் சுண்ணாம்பாற்றின் கழிமுகம், ஒரே ஆண்டிற்குள் கடல்நீரின் உவர்ப்பையும் மழைவெள்ளத்தின் நன்னீர்த் தன்மையையும் மாறி மாறிப் பெறுவது. இடம்பெயர இயலாத மட்டி, ஆளி முதலிய மெல்லுடலிகள் இம்மாற்றத்தை எவ்வாறு தாங்குகின்றன என்பதை இக்கட்டுரை விளக்குகிறது. எவ்வுயிர் நிலைக்கும், எவ்வுயிர் மறையும் என்பதை முகத்துவாரத்தின் நிலையே பெரிதும் முடிவுசெய்கிறது என்பது இதன் கருதுகோள். தொல்காப்பிய மரபியலின் உயிர்ப்பாகுபாடும் மீனவர் வழக்கிலுள்ள பெயர்களும் உரிய இடங்களில் ஒப்புநோக்கப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: மெல்லுடலிகள், கழிமுகம், உவர்ப்பு, மட்டி, ஆளி, சுண்ணாம்பாறு, அயல் உயிரிகள்.

முன்னுரை

செஞ்சி மலைப்பகுதியில் தோன்றி வரும் சங்கராபரணி, கடலை நெருங்கும் கடைப்பகுதியில் சுண்ணாம்பாறு என்று அழைக்கப்படுகிறது. அதிலிருந்து பிரியும் கிளையொன்று அரியாங்குப்பம் ஆறாகி, அரிக்கமேட்டின் ஓரமாகச் சென்று வடக்கே கடலடைகிறது. கடலூர்ச் சாலையில் நோணாங்குப்பத்துப் பாலத்தைக் கடப்போர் பெரும்பாலும் அங்குள்ள படகுக்குழாமையும், படகேறிச் செல்லும் முகத்துவார மணற்பரப்பையுமே அறிவர். படகு கிழித்துச் செல்லும் நீருக்கடியில் சேற்றில் புதைந்தும், பாலத்தூண்களில் ஒட்டியும், அலையாத்தி வேர்களில் ஏறியும் வாழும் உயிர்க்கூட்டம் பார்வையாளர் கண்ணுக்குத் தெரிவதில்லை.

இந்நீரின் இயல்பை முதலில் அறிதல் வேண்டும். திறந்த கடல்நீரில் ஆயிரம் பங்கிற்கு ஏறத்தாழ 35 பங்கு உப்பு உண்டு. கோடையில் ஆற்றின் வரத்து அற்று, கடல்நீர் ஓதத்தால் உள்ளேறும்போது கழிமுகம் இந்த அளவை எட்டுகிறது. முகத்துவாரம் மணலால் அடைபட்டு வெயிலில் நீர் வற்றத் தொடங்கினால் கடலினும் மிகுந்த உவர்ப்பு ஏற்படுவதும் உண்டு. ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை வலுத்ததும் நிலை தலைகீழாகிறது. 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்தபோது ஒரே நாளில் 45 செ.மீ.யைத் தாண்டிய மழை பதிவானது. அத்தகைய நாளில் கழிமுகத்து நீர் ஏறத்தாழ ஆற்றுநீரே. மீன் வெளியேறிவிடும்; நண்டு ஓரளவு நகர்ந்துகொள்ளும். சேற்றில் புதைந்த மட்டிக்கும் தூணில் ஒட்டிய ஆளிக்கும் போக்கிடம் இல்லை. அவை எப்படிப் பிழைக்கின்றன என்பதே இக்கட்டுரையின் வினா.

நந்து, முரள்: பெயரும் பாகுபாடும்

தொல்காப்பிய மரபியல் உயிர்களை அறிவின் எண்ணிக்கை கொண்டு ஆறாகப் பகுக்கிறது. அதில் தொடுவுணர்வும் சுவையுணர்வும் ஆகிய ஈரறிவு உடையனவாக நந்தும் முரளும் வைக்கப்படுகின்றன. நண்டு நான்கறிவு வகையுள் அடங்குகிறது. நந்து என்பதற்குச் சங்கு, நத்தை முதலியவற்றையும், முரள் என்பதற்கு இப்பி, கிளிஞ்சில், ஏரல் ஆகியவற்றையும் உரைமரபு பொருளாகக் காட்டுகிறது. இவ்விளக்கத்தை உயிரியலார் ஒருவர் படித்தால் வியப்படைவார். சுருண்ட ஒற்றை ஓடு உடையவை ஒருபுறமும், கீலால் இணைந்த இரண்டு ஓடுகள் உடையவை மறுபுறமுமாக அது பிரிந்து நிற்கிறது. இன்றைய வகைப்பாட்டில் வயிற்றுக்காலிகள், இருவோட்டிகள் என்று கூறப்படும் இரு பெரும் வகுப்புகளும் இவையே.

ஈரறிவு என்ற கணிப்பையும் எளிதில் தள்ளிவிட முடியாது. நீரில் வாழும் உயிருக்குச் சுவையும் மணமும் தனித்தனிப் புலன்கள் அல்ல. கரைந்த பொருளை உணரும் ஒரே வேதியுணர்வின் இரு பெயர்கள். மட்டிக்குத் தலையே இல்லை. அதன் உலகம் தொடுகையாலும் நீரில் கரைந்து வருவதை அறிவதாலும் ஆனது. நத்தைக்கு உணர்கொம்பில் கண்ணுண்டு என்பதும், உடலின் சமநிலையை அறியும் உறுப்பு உண்டு என்பதும் நுண்நோக்கியின் துணையால் வந்த செய்திகள். அதே வேளையில், பழம் பாகுபாட்டை இன்றைய அறிவியலுக்கு முன்னோடி என நிறுவ முற்படும் ஆர்வத்தில் இக்கட்டுரையாளருக்கு உடன்பாடில்லை. மரபியலின் அடிப்படை புலனறிவு; இன்றைய வகைப்பாட்டின் அடிப்படை உடலமைப்பும் மரபுவழியும். கூர்ந்து நோக்கிய கண்கள் இரண்டிலும் உண்டு என்பதே இங்கு கொள்ளத்தக்கது.

உடலமைப்பின்படி நோக்கினால் மெல்லுடலிகள் கணுக்காலிகளுக்கு அடுத்து விலங்குலகின் மிகப்பெரிய தொகுதிகளுள் ஒன்று. இன்று வாழும் இனங்களில் ஏறத்தாழ 80,000 விவரிக்கப்பட்டுள்ளன. இந்தியாவிலிருந்து 5,000க்கும் மேற்பட்டவை பதிவாகியுள்ளன. தசையாலான பாதம், உள்ளுறுப்புத் திரள், அதன்மேல் போர்வை போல் படர்ந்து ஓட்டைச் சுரக்கும் மேலுறை என்னும் மூன்றும் இத்தொகுதியின் பொது அமைப்பு. நத்தைக்குப் பாறையைச் சுரண்டி உண்ண ராடுலா என்னும் அரநாக்கு உண்டு. மட்டியிடம் அது இல்லை. செவுள்களையே சல்லடையாகக் கொண்டு நீரை வடித்து உண்கிறது. சந்தையில் மீனோடு மீனாக விற்கப்படும் கணவாயும் இத்தொகுதியைச் சேர்ந்ததே என்பது பலருக்கும் புதிய செய்தியாக இருக்கும்.

மீனவர் வழக்கு வேறொரு தருக்கத்தில் இயங்குகிறது. மணலையோ சேற்றையோ கிளறி எடுப்பது மட்டி. கல்லிலும் கட்டையிலும் ஒட்டியிருப்பது ஆளி. இதனால் உயிரியலில் வெவ்வேறு குடும்பத்தைச் சேர்ந்த உணவு ஆளியும் பச்சை ஆளியும் ஒரே பெயரைப் பகிர்கின்றன. இது பிழையன்று. எவ்விடத்தில், எக்கருவியால் எடுக்கலாம் என்பதைப் பெயரே சொல்லிவிடுகிறது.

ஓடு உருவாகும் முறை

சுண்ணாம்பாறு என்ற பெயரின் காரணம் எதுவாயினும், இக்கரைக்கும் சுண்ணாம்புக்கும் உள்ள உறவு உண்மையானது. மேலுறையின் விளிம்பு, நீரிலுள்ள கால்சியத்தையும் கரைந்த கார்பனேட்டையும் கொண்டு கால்சியம் கார்பனேட் படிகங்களைப் புரதச் சட்டகத்தின்மேல் அடுக்குகிறது. ஒரே வேதிப்பொருளே இருவகைப் படிகமாக அமையக்கூடும். மட்டியின் ஓடு பெரிதும் அரகோனைட்டால் ஆனது; ஆளியின் ஓட்டில் கால்சைட் மிகுதி. மட்டியோடு வழவழப்பாகவும் கெட்டியாகவும் இருக்க, ஆளியோடு ஏடு ஏடாகப் பிளவுறுவதில் இந்த வேறுபாட்டிற்கும் பங்குண்டு.

இந்த ஓட்டைக் காளவாயில் இட்டுச் சுட்டால் கரியமில வளி நீங்கிச் சுட்ட சுண்ணாம்பு எஞ்சும். வெற்றிலைக்குத் தடவியதும், சோழமண்டலக் கரையின் பழைய வீடுகளைக் கண்ணாடிபோல் மெருகிட்டதும் இந்தக் கிளிஞ்சல் சுண்ணாம்பே. சங்கின் வழி வேறு. கழிமுகத்தில் வாழாமல் கடலடி மணலில் வாழும் சங்கு, அறுத்து வளையலாக்கப்பட்டது. 1945இல் மார்ட்டிமர் வீலரும், 1947 முதல் 1950 வரை கசாலும், 1989 முதல் 1992 வரை விமலா பெக்லி குழுவினரும் அகழ்ந்த அரிக்கமேட்டில் சங்குத் தொழிலின் எச்சங்கள் கிடைத்துள்ளன. நோணாங்குப்பத்திலிருந்து அவ்விடம் மிக அண்மையில் உள்ளது.

உவர்ப்பின் மாற்றத்தைத் தாங்கும் வழிகள்

உப்பு மிகுந்த திரவத்தை உள்ளடக்கிய உயிரணுவை நன்னீரில் இட்டால், சவ்வூடு பரவலால் நீர் உள்ளே புகுந்து அது வீங்கும். உவர்ப்பு மிகுந்தால் நீரை இழந்து சுருங்கும். நண்டு இதற்கு எதிராக வேலை செய்கிறது. அலையாத்திக் காட்டின் சேற்று நண்டு, தன் செவுள்களின் வழியே உப்பை ஏற்றும் இறக்கியும் குருதியின் செறிவைப் பெருமளவு சீராக வைத்துக்கொள்கிறது. அதற்குச் செலவாகும் ஆற்றல் மிகுதி. மெல்லுடலிகள் அச்செலவை மேற்கொள்வதில்லை. சுற்றியுள்ள நீர் எவ்வாறோ அவ்வாறே அவற்றின் உடல்நீரும் ஆகிவிடுகிறது. உயிரணு மட்டும் வெடித்துவிடாமல் இருக்க வேண்டும். அதன் பொருட்டு அவை உயிரணுவுக்குள் தனித்து மிதக்கும் அலனின், கிளைசின் முதலிய அமினோ அமிலங்களின் அளவை மாற்றிக்கொள்கின்றன. வெளியே உப்பு மிகுந்தால் அவற்றைச் சேர்க்கின்றன, குறைந்தால் வெளியேற்றுகின்றன. உள்ளும் புறமும் செறிவு ஒத்துப்போவதால் நீர் புகவும் வெளியேறவும் காரணம் இல்லாமற் போகிறது.

இந்த மாற்றத்திற்கு நேரம் வேண்டும். உவர்ப்பு மெல்ல மெல்ல இறங்கினால் மட்டி தன்னைத் தகவமைத்துக்கொள்ளும். ஒரே இரவில் வெள்ளம் வந்தால் இம்முறை உதவாது. அப்போது கைக்கொள்ளும் உத்தி மிகப் பழையது: வாயை மூடிக்கொள்ளுதல். மூடுதசை இரு ஓடுகளையும் இறுக்கிவிட, உள்ளே சிறைப்பட்ட சிறிதளவு உவர்நீரோடு உயிர் காத்திருக்கிறது. நத்தைகள் தம் ஓட்டுமூடியால் இதையே செய்கின்றன.

மூடிய ஓட்டுக்குள் மூச்சுவளி விரைவில் தீர்ந்துவிடும். பின்னர் சேமிப்பிலுள்ள கிளைக்கோஜனை மூச்சுவளி இல்லாமலேயே சிதைத்து, மிகக் குறைந்த ஆற்றலில் உடல் இயங்குகிறது. இச்சிதைவில் அமிலங்கள் சேர்கின்றன. அந்த அமிலத்தை ஈடுசெய்ய மட்டி தன் சொந்த ஓட்டின் உட்புறத்தையே சிறிது கரைத்துக்கொள்கிறது. வெளிப்பகையைத் தடுக்கும் அதே சுவர் உள்ளே மருந்தாகவும் ஆகிறது. மெல்லுடலியின் ஓட்டை வெறும் கவசம் என்று எழுதுவோர் இதைக் கருத வேண்டும். குளிர்நீரில் இத்தகைய காத்திருப்பு நெடுநாள் நீளும். வெப்பநீரில் உடலின் செலவு மிகுதியாதலால் நாள் குறையும். வெள்ளம் சில நாளில் வடிந்து ஓதம் மீண்டும் ஏறினால் மட்டி வாய் திறக்கும். வடியாமல் நீடித்தால் திறந்த ஓடுகளே கரையில் ஒதுங்கும்.

மூடியிருந்த நாள்களில் ஓட்டின் வளர்ச்சி தடைபடுவதால் அங்கே ஒரு கோடு விழுகிறது. வளர்ச்சிக் கோடுகளையும் ஓட்டிலுள்ள ஆக்சிஜன் ஓரிடத்தான்களின் விகிதத்தையும் கொண்டு, அவ்வுயிர் வாழ்ந்த நீரின் வெப்பத்தையும் உவர்ப்பையும் கணிக்கும் ஆய்வுத்துறை உலகெங்கும் வளர்ந்துள்ளது. பழைய குடியிருப்பு மேடுகளின் கிளிஞ்சல்களை எறியாமல் வைத்திருக்க வேண்டியதற்கு இதுவே காரணம்.

எல்லா மெல்லுடலிகளாலும் இது இயல்வதில்லை. கணவாய்க்கும் சாக்குக் கணவாய்க்கும் மூடிக்கொள்ள ஓடில்லை; உவர்ப்பு குறைந்த நீரை அவை நாடுவதே இல்லை. மெல்லுடலி அல்லாத நட்சத்திர மீன், கடல் முள்ளெலி ஆகியவற்றின் நிலையும் அதுவே. மறுபுறம், ஆற்றின் மேற்பகுதியிலும் ஊசுடு போன்ற ஏரிகளிலும் வாழும் நன்னீர்ச் சிப்பிகளும் ஆப்பிள் நத்தையும் உவர்நீரைத் தாங்குவதில்லை. ஆப்பிள் நத்தை மூடிக்கொள்வது வேறொரு காரணத்திற்காக: ஏரி வற்றும்போது சேற்றில் புதைந்து, ஓட்டுமூடியை அடைத்து, அடுத்த மழைவரை உறங்குகிறது. செவுளோடு நுரையீரல் போன்ற அறையும் அதற்கு உண்டு. ஆக, கடலின் பட்டியலும் ஏரியின் பட்டியலும் நீளமானவை. இரண்டிற்கும் இடைப்பட்ட கழிமுகத்தின் பட்டியல் குறுகியது. பால்டிக் கடலை ஆராய்ந்த அடால்ஃப் ரெமானே 1934இல், ஆயிரத்தில் 5 முதல் 8 பங்கு உவர்ப்புள்ள நீரிலேயே இனங்களின் எண்ணிக்கை மிகக் குறைவு எனக் காட்டினார். பால்டிக்கில் அந்த உவர்ப்பு இடத்திற்கிடம் வேறுபட்டு, ஒவ்வோரிடத்திலும் ஏறத்தாழ நிலையாக இருக்கிறது. சுண்ணாம்பாற்றில் அதே இடம் மாதத்திற்கு மாதம் மாறுகிறது. இங்கு இனங்கள் குறைவு. ஆனால் தாக்குப்பிடித்த இனம் ஒவ்வொன்றும் பெருந்தொகையாக வாழ்கிறது. மட்டி எடுப்பது ஒரு தொழிலாக அமைய முடிவது இதனால்தான்.

சேறு, தூண், வேர்

இக்கரையின் கழிமுகங்களில் மட்டி என்றால் முதலில் குறிக்கப்படுவது மெரிட்ரிக்ஸ் காஸ்டா. உணவு ஆளி 1916இல் பிரஸ்டனால் சென்னையின் பெயரிலேயே மெட்ராசென்சிஸ் என்று பெயரிடப்பட்டது. இன்றைய வகைப்பாட்டாளர் அதை மகலானா பைலினியேட்டா என்னும் இனத்துள் அடக்குகின்றனர். ஜேம்ஸ் ஹார்னெல் சென்னை மாகாண மீன்வளத்துறையில் பணியாற்றிய காலத்தில் சங்கைப் பற்றியும் உண்ணத்தக்க மெல்லுடலிகளைப் பற்றியும் எழுதிய அறிக்கைகள் இத்துறைக்கு இன்றும் அடிப்படை.

ஆளியின் வாழ்க்கைச் சுற்று கழிமுகத்திற்கு ஏற்பவே அமைந்தது. பல ஆளிகள் முதலில் ஆணாக முதிர்ந்து பின்னர் பெண்ணாகின்றன. முட்டையும் விந்தும் நீரிலேயே விடப்படுகின்றன. இலட்சக்கணக்கில் வெளிவரும் முட்டைகளில் மிகச் சிலவே பிழைக்கும். இளவுயிரி இரண்டு, மூன்று வாரங்கள் மிதந்து திரிந்து, கடினமான பரப்பொன்றைத் தேர்ந்து ஒட்டுகிறது. ஒட்டிய பின் இடமாற்றம் இல்லை. முதிர்ந்த ஆளி உவர்ப்பின் பெருமாற்றங்களைத் தாங்கினாலும் மிதக்கும் இளவுயிரி அவ்வளவு தாங்காது. ஆகவே ஒரு கழிமுகத்தில் பெரிய ஆளிகள் காணப்படுவது மட்டும் அதன் நலத்திற்குச் சான்றாகாது. ஆண்டுதோறும் புதிய குஞ்சுகள் ஒட்டுகின்றனவா என்று பார்க்க வேண்டும்.

ஆளிக்கருகிலேயே ஒட்டியிருக்கும் கொட்டலசு பார்வைக்குச் சிப்பி போன்றது. உண்மையில் இறாலுக்கும் நண்டுக்கும் உறவு. வாகன் தாம்சன் 1830இல் அதன் இளவுயிரியைக் கண்டு இவ்வுண்மையை வெளிப்படுத்தும்வரை ஐரோப்பிய அறிஞரும் அதை மெல்லுடலியாகவே எண்ணினர். இதற்கு நேர்மாறான ஏமாற்று கப்பல் புழு. புழுவென்று பெயர் பெற்று, மரத்தைத் துளைத்துக் கட்டுமரங்களையும் படகுகளையும் அரிக்கும் இவ்வுயிர் ஓர் இருவோட்டி. அதன் சிற்றோடுகள் இரண்டும் துளையிடும் கருவியாகிவிட்டன. கட்டுமரத்தைக் கரையேற்றி உலர விடும் வழக்கம் இதற்கு ஒரு தடையாகவும் அமைகிறது.

சேற்றின் மேற்பரப்பில் ஊரும் கூம்புவடிவச் சிறு நத்தைகள் பைரினெல்லா சிங்குலேட்டா என்னும் இனம். சேற்றிலுள்ள நுண்பாசியையும் மட்கையும் உண்டு வாழும் இவை, பறவைகளிலும் மீன்களிலும் முதிரும் தட்டைப்புழுக்களுக்கு இடைப்பட்ட ஓம்புயிராகவும் உள்ளன. வெண்கண்டல் மரங்களின் தண்டில் ஏறி நிற்கும் லிட்டோரேரியா நத்தை, நீர் ஏற ஏற மேலேறி, பெரும்பொழுதை நீருக்கு வெளியே கழிக்கிறது. ஒரு பெருங்கொடுக்கை அசைத்து இணையை அழைக்கும் பிடில் நண்டுகளும், கண்ணுக்கெட்டாத பாலிகீட் புழுக்களும் சேற்றைத் துளைத்துக் காற்றோட்டம் தருகின்றன. அத்துளைகள் இல்லையேல் சேறு ஓரிரு விரற்கடை ஆழத்திலேயே மூச்சற்றுக் கறுத்துவிடும்.

முகத்துவாரமும் மனிதர் செயலும்

மேற்சொன்ன அனைத்தும் ஒரு நிபந்தனைக்கு உட்பட்டவை: கடல் உள்ளே வரவும் ஆறு வெளியே போகவும் வழி இருக்க வேண்டும். சோழமண்டலக் கரையில் அலைகள் ஆண்டின் பெரும்பகுதி மணலை வடக்கு நோக்கியும், வடகிழக்குப் பருவத்தில் தெற்கு நோக்கியும் நகர்த்துகின்றன. ஆற்றின் விசை குறைந்த மாதங்களில் இம்மணல் முகத்துவாரத்தின் குறுக்கே திட்டாக வளர்கிறது. முன்பு வெள்ளமே அதை உடைத்தது. வீடூர் அணையும் படுகை அணைகளும் வேளாண்மைக்கும் நிலத்தடி நீருக்கும் தேவையானவையே. எனினும் தேக்கப்படும் ஒவ்வொரு வெள்ளமும் முகத்துவாரத்தைத் துடைக்கும் விசையில் ஒரு பங்கைக் குறைக்கிறது. அடைபட்ட கழிமுகத்தில் கழிவுநீர் சேர, மூச்சுவளி இரவில் வீழ்கிறது. மட்டி வாயை மூடிக் காத்திருக்கும் உத்தி சில நாளுக்கானது. சில மாதங்களுக்கானது அன்று.

வடக்கே அரியாங்குப்பம் ஆற்றின் முகத்தில் 1980களின் இறுதியில் துறைமுகத்திற்காக அலைத்தடுப்புகள் கட்டப்பட்டன. மணலின் வடதிசை ஓட்டம் தடைபட, புதுச்சேரி நகரின் கடற்கரை அரிக்கப்பட்டுக் கருங்கற்களே கரையாயின. நகரத்தார் இதை மணல் இழப்பாகவே பேசுகின்றனர். உயிரியலில் இது ஒரு குடிமாற்றம். அலைபடும் மணலில் நொடியில் புதையும் டோனாக்ஸ் மட்டிக்கும் மணல்நண்டுக்கும் வாழ்விடம் சுருங்கி, கல்லைப் பற்றும் ஆளிக்கும் கொட்டலசுக்கும் விரிந்தது. அரிப்பின் இழப்பைக் கணக்கிடும் அறிக்கைகளில் இம்மாற்றத்திற்கும் ஒரு பத்தி இடம்பெறுதல் வேண்டும் என்பது இக்கட்டுரையாளரின் கருத்து.

புதிய கடினப்பரப்பு உள்நாட்டு உயிருக்கு மட்டும் இடம் தருவதில்லை. தென் அமெரிக்கக் கரைகளுக்குரிய மைடெல்லா ஸ்டிரைகேட்டா என்னும் ஆளியினம் 2019இல் கேரளக் காயல்களிலிருந்து பதிவாயிற்று. பின்னர் எண்ணூர், பழவேற்காடு நீர்நிலைகளிலும் அது பரவியுள்ளது. அங்குள்ள மீனவர் அதைக் காக்கா ஆழி என்கின்றனர். அது கல்லில் மட்டும் ஒட்டுவதன்று. தன் நூல்களால் சேற்றின்மேல் பாய்விரித்தாற்போல் படர்ந்து, கீழுள்ள மட்டியையும் இறால் மேயும் தரையையும் மூடிவிடுகிறது. உவர்ப்பின் ஏற்ற இறக்கத்தை மிக நன்றாகத் தாங்கும் இனம் அது. கழிமுகத்தின் கடுமை இதுவரை அயலாரைத் தடுத்துவந்த வேலி என்றால், இந்த இனத்திற்கு அவ்வேலி இல்லை. எண்ணூரில் இவ்வுயிரின் கேட்டை முதலில் உணர்ந்து முறையிட்டோர் அங்குத் தொழில்செய்யும் மீனவரே. அவர்களுடைய பெயர்ப்பட்டியலில் அதுவரை இல்லாத ஒன்று வலையில் வந்தது என்பதே முதற்சான்றாயிற்று.

மட்டித் தொழிலை முறைப்படுத்த இயலும் என்பதற்குக் கொல்லம் அட்டமுடிக் காயல் எடுத்துக்காட்டு. அங்கு முட்டையிடும் காலமான டிசம்பர் முதல் பிப்ரவரி வரை மட்டி எடுப்பது தடுக்கப்பட்டு, சிறு மட்டிகள் விலக்கப்பட்டன. 2014இல் அத்தொழில் உலகளாவிய கடல்வள மேற்பார்வைக் குழுவின் சான்றிதழைப் பெற்றது. இந்தியாவில் அவ்வகைச் சான்று பெற்ற முதல் மீன்பிடித் தொழில் அதுவே. ஆனால் அட்டமுடியின் மாதங்களைச் சுண்ணாம்பாற்றிற்கு அப்படியே எடுத்துவர முடியாது. அங்குப் பெருமழை தென்மேற்குப் பருவத்தில், இங்கு வடகிழக்கில். உவர்ப்பு வீழும் மாதமும் மீளும் மாதமும் வேறு. அவற்றை ஒட்டியே இனப்பெருக்கமும் அமையும். ஓய்வுக்காலத்தை வகுக்க வேண்டுமானால் நோணாங்குப்பத்துப் பாலத்தடியில் மாதந்தோறும் உவர்ப்பை அளந்து, தூண்களில் புதிதாக ஒட்டும் ஆளிக் குஞ்சுகளை எண்ணத் தொடங்க வேண்டும். அதற்கு ஓர் உவர்ப்புமானியும், கயிற்றில் கோத்துத் தொங்கவிடச் சில பழைய ஆளியோடுகளும் போதும்.